வைரஸ் காய்ச்சலுக்கு ஏன் ஆன்டிபயாடிக் எழுதுவதில்லை?

"மூணு நாளா காய்ச்சல் டாக்டர், ஒரு நல்ல ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்க." இதைக் கேட்காத நாளே இல்லை. வைரஸ்தான், தேவையில்லை என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. சரி, காரணத்தையே சொல்லிவிடுகிறேன்.

அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் இயந்திரமான ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு அந்த வேலையைத் தடுக்கின்றன. வைரஸுக்குச் சொந்த ரைபோசோமே கிடையாது, நம் செல்லில் இருப்பதைத்தான் பிடுங்கிக்கொள்கிறது. அப்புறம் அந்த மாத்திரை யாரைத் தாக்கும்?

அந்தப் பிடுங்கலில் ஃப்ளூ வைரஸ் பலே கில்லாடி. எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்ற குறிப்போடு நம் மரபணுக்களிலிருந்து நகலெடுக்கப்படும் ஆர்என்ஏதான் எம்ஆர்என்ஏ. அதன் முனையில் 'கேப்' என்றொரு சின்ன மூடி இருக்கும், அதைப் பார்த்துத்தான் ரைபோசோம் வேலையைத் தொடங்கும். ஃப்ளூவுக்கு அந்த மூடியைச் செய்யத் தெரியாது. அதனால் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும் நம் ஆர்என்ஏவைப் பிடித்து, மூடியோடு சேர்த்து 10 முதல் 13 எழுத்து நீளத்துக்கு வெட்டி எடுத்துத் தன் எம்ஆர்என்ஏவின் தலையில் வைத்துக்கொள்கிறது. மூடி போன நம் ஆர்என்ஏ சிதைந்துபோகும். போதாததற்கு என்எஸ்1 என்ற அதன் புரதம், மற்ற ஆர்என்ஏக்களும் முழுமையடையாமல் பார்த்துக்கொள்கிறது. பக்கத்து செல்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் தயாரிப்பும் இதில் அடிபடுகிறது, வைரஸுக்கு வேண்டியதும் அதுதான். கோவிட் வைரஸின் வழி வேறு: அதன் என்எஸ்பி1 புரதம், ரைபோசோமில் எம்ஆர்என்ஏ நுழையும் வழியையே அடைத்துவிடும், தன்னுடையதை மட்டும் உள்ளே விடும்.

இதெல்லாம் தொற்றிய சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும், காய்ச்சல் தெரிவதோ பெரும்பாலும் 1 முதல் 4 நாள் கழித்து. ஃப்ளூ மருந்தை, அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்வது அதனால்தான். பலாக்சவிர் மேலே சொன்ன அந்த வெட்டையே தடுக்கிறது, ஓசெல்டமிவிர் புது வைரஸ்கள் செல்லைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கிறது. எல்லோருக்கும் இவை தேவைப்படாது. ஆனால் கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்று வீட்டில் இருக்க வேண்டாம்.

சளி பச்சையாக இருப்பது மட்டும் ஆன்டிபயாடிக்குக் காரணமாகாது, அது வெள்ளணுக்களின் நொதி தரும் நிறம். ஆனால் ஃப்ளூ குறைந்து தேறி வரும்போது மறுபடி காய்ச்சல் ஏறினால், மூச்சு வாங்கினால், பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே வந்துவிடுங்கள், அப்போது ஆன்டிபயாடிக்கை நானே எழுதுவேன்.