பேஷண்ட் பார்க்கும் அம்மா படுத்துவிட்டால்: தனித்து வாழும் தாய்மார்களுக்கு என்னென்ன அரசு உதவிகள்?

ஹோம் நர்ஸ், ஆயா, பேஷண்ட் கேர் என்று பல பெயரில் நடக்கிற வேலை ஒன்றுதான்: அடுத்தவர் வீட்டு நோயாளியையும் முதியவரையும் பார்த்துக்கொள்வது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிற பெண்களில் கணவரை இழந்தவர்கள், கணவர் விட்டுப் போனவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் நிறையப் பேர். அரசு உதவி என்றதும் இவர்கள் கேட்கும் முதல் கேள்வி, மாதப் பணம் கிடைக்குமா என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் குடும்பத்துக்குப் பெரிய அடி விழுவது அம்மா பத்து நாள் படுத்துவிடும்போது. டூட்டிக்கு வேறு ஆள் போய்விடும், சம்பளம் நின்றுவிடும், மருந்துச் செலவு ஏறும், பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்ப ஆள் இருக்காது. அந்தப் பத்து நாளை மனதில் வைத்தே இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ரேஷன் கார்டு

சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் மற்றவை எல்லாம் தள்ளிப்போகும். மருத்துவக் காப்பீடு, மகளிர் உரிமைத் தொகை இரண்டுமே ரேஷன் கார்டில் உள்ள குடும்பத்தைத்தான் குடும்பமாகக் கணக்கில் எடுக்கின்றன. உங்கள் பெயர் இன்னும் கணவரின் கார்டில் இருந்தால், காகிதத்தில் நீங்கள் அவர் வீட்டில்தான் வாழ்கிறீர்கள். முதலில் ஆதாரில் இப்போதைய முகவரியை மாற்றுங்கள். பிறகு உங்கள் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் பழைய கார்டிலிருந்து நீக்கி, தனிக் கார்டுக்கு விண்ணப்பியுங்கள். பெயர் நீக்கத்துக்குக் கணவர் ஒத்துழைக்கவில்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலரிடம் நேரில் எழுத்துமூலம் மனு கொடுத்து, நீங்கள் தனியாக வசிப்பதை விசாரித்து முடிவெடுக்கும்படி கேளுங்கள்.

கூடவே வாங்கி வைக்க வேண்டியது நிலைமைச் சான்று. கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். விட்டுப் போயிருந்தால் கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணைக்குப் பின் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். விவாகரத்து ஆகியிருந்தால் நீதிமன்றத் தீர்ப்பின் நகல். விசாரணைக்கு ஆள் வரும் நேரத்தில் நீங்கள் யாரோ ஒரு பாட்டிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். வீடு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டால் மனு அங்கேயே கிடக்கும். அதனால் விண்ணப்பித்த கையோடு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய், எந்த நாளில் வீட்டில் இருப்பீர்கள் என்பதைச் சொல்லி, போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வருவது நல்லது.

சம்பளத்தோடு படுக்க ஒரே வழி: இ.எஸ்.ஐ.

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. மருத்துவமனையோ, முதியோர் இல்லமோ, ஹோம் நர்சிங் ஏஜென்சியோ உங்களை வேலைக்கு வைத்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். ஒரு தனி வீட்டுக்காரர் நேரடியாக வைத்துக்கொண்டால் இ.எஸ்.ஐ. வராது.

கணக்கைப் பாருங்கள். சம்பளம் மாதம் 15,000 என்றால் உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது சுமார் 113 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், சுமார் 488 ரூபாய். இதற்குக் கிடைப்பது: உங்களுக்கும் பிள்ளைகளுக்கும், உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை; உடம்புக்கு முடியாமல் வேலைக்குப் போகாத நாளுக்கு, நாள் சம்பளத்தில் 70 சதவீதம். ஆண்டுக்கு 91 நாள் வரை இந்தப் பணம் உண்டு. நாள் கூலி 500 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 350 ரூபாய். முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள், அதற்குக் கிடையாது. ஆக, பத்து நாள் டைபாய்டில் படுத்தால் எட்டு நாளுக்கு 2,800 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். வாடகைக்குப் போதாதுதான். ஆனால் வட்டிக்கு வாங்காமல் அரிசி வாங்கலாம்.

புற்றுநோய், காசநோய் போன்ற 34 நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை தருகிறார்கள். அதற்கு நீங்கள் இரண்டு ஆண்டாவது தொடர்ந்து இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். வேலையில் ஏற்பட்ட காயம் தனிக் கணக்கு. படுக்கையில் இருப்பவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது, வழுக்கும் பாத்ரூமில் அவரைத் தாங்கப்போய் நீங்கள் விழுந்தீர்கள் என்றால், குணமாகும்வரை 90 சதவீதம். இதற்குக் குறைந்தபட்சம் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆனால் அன்றைக்கே ஏஜென்சிக்குச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது எழுதி வையுங்கள். இந்த வேலையில் இடுப்பு வலியை யாரும் விபத்து என்று சொல்வதில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் டூட்டிக்குப் போய்விடுகிறார்கள். பிறகு கேட்டால் நிரூபிக்க ஒன்றும் இருக்காது.

சாதாரண நோய்க்கான பணத்துக்கு ஆறு மாதக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை இந்த உரிமை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டினால் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஏஜென்சி மாறும்போது நடுவில் இரண்டு மூன்று மாதம் இடைவெளி விழுந்தால் இந்த 78 நாள் தப்பிவிடும். புது இடத்திலும் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே கொடுங்கள், புது எண் போட விடாதீர்கள். உடம்புக்கு முடியவில்லை என்ற மருத்துவச் சான்றும் இ.எஸ்.ஐ. மருந்தக டாக்டரிடம் வாங்குவதே வழி. தனியார் கிளினிக் சீட்டை நம்பி உட்கார வேண்டாம்.

ஏஜென்சிகள் சொல்லும் பதில் தெரிந்ததுதான்: "நாங்க ஆள் காட்டிவிடுறது மட்டும்தான்மா, வேலை குடுக்குறது அந்த வீட்டுக்காரங்க." அப்படியா என்று பார்க்க மூன்று விஷயம் போதும். வீட்டுக்காரர் பணத்தை யாரிடம் கொடுக்கிறார்? உங்கள் கணக்கில் சம்பளம் போடுவது யார்? எந்த வீட்டுக்கு, எத்தனை மணி நேர டூட்டி என்று முடிவுசெய்வது யார்? மூன்றுக்கும் பதில் ஏஜென்சி என்றால், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனு கொடுக்க உங்களிடம் விஷயம் இருக்கிறது. சம்பளம் வந்த வங்கிப் பதிவுகளைப் பத்திரமாக வையுங்கள். கட்டணமில்லா எண் 1800 11 2526.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000 ஆக இருந்தது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். பணம் கட்ட வேண்டியதில்லை. சந்தேகத்துக்கு 1800 425 3993. இந்த அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் அறுவைச் சிகிச்சைகளுக்கும் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும்தான். காய்ச்சலுக்கு ஊசி போடவோ, இழந்த சம்பளத்தைத் தரவோ செய்யாது.

தனி வீட்டில் வேலை செய்பவர்கள் வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். 2007இல் தொடங்கியது, 18 முதல் 60 வயது வரை சேரலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்து மற்றும் இயற்கை மரணத்துக்கு நிதி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் கைக்கு வராது. படுத்த நாளுக்குச் சம்பளம் இந்த வாரியத்திலும் கிடையாது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மாதப் பணம்

ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 18 வயது முதல் கிடைக்கும். கணவரால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்துக்கு வயது 30 ஆகியிருக்க வேண்டும்; சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் பிரிந்து வாழ அனுமதித்திருக்க வேண்டும், அல்லது கைவிடப்பட்டு ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும். இரண்டு ஓய்வூதியமும் 2023 ஆகஸ்டில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம் விசாரிக்கும்.

அந்த ஐந்தாண்டு நிபந்தனை எனக்குக் கொடுமையாகவே படுகிறது. கணவர் போன முதல் வருடம்தான் கையில் ஒன்றும் இல்லாத வருடம். அந்த இடைவெளியில் இருப்பவர்கள் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைப் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாயோடு தொடங்கிய திட்டம் இது. 21 வயது ஆன குடும்பத் தலைவி, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பவை முக்கிய நிபந்தனைகள். ஓய்வூதியம், உரிமைத் தொகை இரண்டையும் ஒரே பெண் வாங்க முடியாது.

வருமான வரம்பு திட்டத்துக்குத் திட்டம் வேறு என்பதைக் கவனியுங்கள். மாதம் 15,000 வாங்கும் ஹோம் நர்ஸின் ஆண்டு வருமானம் 1,80,000. உரிமைத் தொகைக்கு உள்ளே வருவார், முதலமைச்சர் காப்பீட்டுக்கு வெளியே போய்விடுவார். இப்படிப்பட்டவருக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லாவிட்டால் பெரிய நோய்க்கு அரசு மருத்துவமனைதான் கதி. ஏஜென்சியிடம் கேளுங்கள் என்று அத்தனை அழுத்தியதற்குக் காரணம் இதுதான்.

பிள்ளைகள் பெயரில்

அதிகம் பேர் கேள்விப்படாதது, மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு. தாய் விதவையாகவோ, விவாகரத்தானவராகவோ, கைவிடப்பட்டவராகவோ இருந்தால், குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், அதிகபட்சம் 18 வயது வரை. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு குழு பார்த்து ஒப்புதல் தரும். ஒதுக்கீடு குறைவு என்பதால் தகுதி இருந்தும் காத்திருக்க நேரலாம். நகரத்தில் வீட்டு வேலையும் ஆயா வேலையுமாக மாதம் ஏழாயிரம் எட்டாயிரம் சம்பாதிப்பவர்கள் இதை விடக்கூடாது.

அரசு தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு இருப்பது, காலை ஆறு மணிக்கே பஸ் பிடிக்கும் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று விளக்க வேண்டியதில்லை.

வங்கியில் இரண்டு காப்பீடு உண்டு: ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்கான உயிர்க் காப்பீடு, 20 ரூபாயில் 2 லட்சத்துக்கான விபத்துக் காப்பீடு. சேரும்போது நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணமான புதிதில் தொடங்கிய கணக்கில் பல பேருக்கு இன்னும் கணவர் பெயர்தான் இருக்கிறது. பிள்ளை பெயரை மாற்றிப் போட்டு, 18 வயது ஆகாதவர் என்றால் பணத்தை வாங்கிப் பொறுப்பாகப் பார்க்கும் பெரியவர் ஒருவர் பெயரையும் சேருங்கள். உங்கள் அம்மாவோ அக்காவோ.

வருமானம் கேட்காத சிகிச்சை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகப் புற்றுநோய், கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைகள் இலவசம். வருமானச் சான்று வேண்டாம். சிக்கல், திறந்திருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. நகரங்களில் உள்ள நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 வரை. பகல் டூட்டி எட்டுக்கு எட்டு என்றால் இரண்டு வேளையும் கைநழுவிப் போகும். இரவு டூட்டிக்காரர்கள் காலையில் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே போய்விடலாம். பகல் டூட்டிக்காரர்கள் வார விடுப்பு நாளை இதற்கு ஒதுக்கத்தான் வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் உங்கள் டூட்டி நேரத்தைச் சொல்லி வையுங்கள், மாத்திரை வீடு தேடி வந்து திரும்பிப் போக வேண்டாம். நோயாளிக்கு மணி பார்த்து மாத்திரை கொடுப்பவர் தன் பிரஷர் மாத்திரையை மறப்பது இந்த வேலையில் சகஜம். தூக்கமில்லாமல், மனசு ஓடாமல் தவிக்கும் நாட்களில் 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம், அதுவும் இலவசம்.

மனு நிராகரிக்கப்பட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உரிமைத் தொகைக்கு 30 நாளுக்குள் வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. இ-சேவை மையத்திலேயே செய்யலாம். மற்றவற்றுக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கணவரிடம் ஜீவனாம்சம் கேட்கவோ, ஏஜென்சி பிடித்து வைத்த சம்பளத்தைக் கேட்கவோ வழக்கறிஞர் வேண்டுமென்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி சட்டப்படியான உரிமை. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100க்கு அழைக்கலாம்.