பகலில் பிபி சரி, ராத்திரி?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் கண்ணைக் காட்ட வந்தார், ரப்பர் பால் வெட்டுகிறவர், வயது ஐம்பத்தெட்டு. விடியும் முன்னே நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கும்போது வலது கண்ணில் பூச்சி விழுந்திருக்கிறது. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் வெட்டின கோடு தெரிகிறது, அதற்குக் கீழே கட்டியிருந்த சிரட்டையைக் காணவில்லை. "சிரட்டை மட்டுமில்ல டாக்டர், எனக்க காலும் தெரியல்ல" என்றார்.

வலியோ சிவப்போ இல்லாததால் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு, நாலு நாள் கழித்துத்தான் வந்தார். இடது கண்ணில் பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தது. அந்த நரம்புக்குப் போக வேண்டிய ரத்தம் போதாமல் போய் வருகிற பாதிப்பு இது. பெரும்பாலானவர்கள் தூங்கி எழுந்ததும்தான் கவனிக்கிறார்கள், அதிலும் பார்வையின் கீழ்ப்பாதி போவதே அதிகம்.

பிபி பார்த்தேன், 126/80. "நல்லாத்தானே இருக்கு?" என்றார் மனைவி. ஆனால் அது காலை பதினொரு மணி அளவு. தூக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு பிபி 10 முதல் 20 சதவீதம் இறங்கும், அது இயல்பு. சிலருக்கு அதற்கும் கீழே போகும். இவர் மூன்று மணிக்கே கிளம்புகிறவர், காலை பிபி மாத்திரை தவறிவிடும், அதனால் ராத்திரி கஞ்சி குடித்ததும் இரண்டு வேளை மாத்திரையையும் சேர்த்துப் போடுவார், கூடவே புராஸ்டேட்டுக்கு ஒன்று, அதில் சில வகைகளும் பிபியை இறக்கும். இன்னொன்று, கண்ணுக்குள்ளேயும் ஒரு அழுத்தம் உண்டு, பிபி போலவே மி.மீ. பாதரசக் கணக்கில் சாதாரணமாக 10 முதல் 21 வரை. ரத்தம் அதை எதிர்த்துத்தான் நரம்புக்குப் போக வேண்டும், நாம் படுத்தால் அது கொஞ்சம் ஏறும். ஒரு பக்கம் பிபி இறக்கம், மறுபக்கம் கண் அழுத்தம் ஏற்றம், இரண்டும் ஒரே நேரத்தில்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த நம் நாட்டு மருத்துவர் சோகன் சிங் ஹய்ரே, 24 மணி நேரமும் பிபி அளக்கும் கருவியை நோயாளிகளுக்குக் கட்டிப் பார்த்து 1994-ல் இதை எழுதினார். ராத்திரி பிபி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற குறட்டை, பிறவியிலேயே நெருக்கமாக அமைந்த நரம்பு முனை எல்லாம் சேரும். கண் அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு தேய்ந்துகொண்டே போகிற கிளாக்கோமாக்காரர்களிடமும் நான் முதலில் கேட்பது ராத்திரி மாத்திரையைத்தான். கண் அழுத்தத்தைக் குறைக்க டிமோலால் சொட்டு மருந்து விடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும், அது ரத்தத்தில் கலந்து பிபியை இறக்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள், கையெடுத்துக் கேட்கிறேன். கூடின பிபியால் பக்கவாதம் வந்து படுத்தவர்களை நம் ஒவ்வொரு ஊரிலும் பார்க்கிறோம். நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். அவரிடம் கண் விஷயத்தைச் சொல்லுங்கள், என்னைப் போன்றவர்களிடம் வரும்போது எல்லா மாத்திரை அட்டையையும் கொண்டு வாருங்கள், எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்று பேனாவால் அதிலேயே எழுதி. வாரம் ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. ஒரு கண் போனாலும் மறு கண் சமாளித்துவிடும், அதனால்தான் தெரியாமலே போகிறது. ஐம்பது தாண்டியவருக்குப் பார்வைக் குறைவோடு புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி என்று வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், ஸ்டீராய்டு அன்றைக்கே தொடங்க வேண்டியிருக்கும், மறுநாளுக்குத் தள்ள வேண்டாம்.

இவருக்குப் போன பார்வை திரும்பவில்லை, அதைத் திருப்பித் தரும் நிரூபணமான மருந்தும் இல்லை. பிபி மருத்துவரிடம் பேசினோம், 24 மணி நேரக் கருவி கட்டினார், ராத்திரித் தூக்கத்தில் அளவு 88/50. இப்போது பால் வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, காலைச் சாப்பாட்டோடுதான் அவர் மாத்திரை போடுகிறார். வலது கண் இதுவரை நன்றாக இருக்கிறது.