பூங்கா நிலம் கோர்ட்டில் பறிபோவது எப்படி?

நகராட்சிக்காகக் கோர்ட்டில் நிரந்தரமாக ஆஜராகும் நிலை வழக்கறிஞர் பொறுப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று, அந்தப் பொறுப்பில் இருக்கும் என்னிடம் இளம் வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள். தாராளமாக விண்ணப்பியுங்கள். கட்டணம் குறைவு, அதுவும் தாமதமாகத்தான் கைக்கு வரும். ஆனால் சொத்து வரி, கடை ஏலம், கட்டட அனுமதி, குப்பைக் கிடங்கு என்று ஓர் ஊரின் நல்லது கெட்டதெல்லாம் வழக்குக் கட்டாக உங்கள் மேசைக்கு வரும்.

அவற்றில் என்னை அதிகம் வருத்துபவை பூங்கா வழக்குகள். மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் வருடக்கணக்கில் முள் மண்டிக் கிடக்கும். பக்கத்து மனைக்காரர் வேலி போடுவார், தென்னை வைப்பார். பிறகு, ‘என் சுவாதீன அனுபவத்தில் நகராட்சி தலையிடக் கூடாது’ என்று முன்சீப் கோர்ட்டில் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்டு வழக்குப் போடுவார். நகராட்சியின் பதிலான எதிருரையைத் தாக்கல் செய்ய 30 நாள்; கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. அதற்குள் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடமும், பூங்கா இடத்தை நகராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரமும், நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் என் கைக்கு வந்தாக வேண்டும்.

கடிதம் எழுதுவேன். கோப்பு வருவாய்ப் பிரிவில் இருக்கிறது என்பார்கள் நகரமைப்புப் பிரிவில். அங்கே கேட்டால் திருப்பி அனுப்பிவிட்டோம் என்பார்கள். கடைசியில் ‘வாதியின் கூற்று உண்மைக்குப் புறம்பானது’ என்று ஒற்றை வரியில் பாராவாரிக் குறிப்பு வரும்; வழக்குரையின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே பதில் சொல்லியிருக்க வேண்டிய குறிப்பு அது. அதை வைத்துக்கொண்டு ஒரு சென்ட் நிலத்தைக்கூடக் காக்க முடியாது. வாய்தா தவறி, எங்கள் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிட்டால், அதை நீக்கக் கேட்கவும் 30 நாள்தான். அதையும் கோட்டைவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனுவோடு நிற்க வேண்டும்.

சட்டம் ஊருக்கு எதிரி அல்ல. ஆக்கிரமிப்பில் போன பொதுத் தெருவை மீட்டு வழக்குப் போட, உள்ளாட்சி அமைப்புக்குக் காலவரையறைச் சட்டம் 30 ஆண்டு தருகிறது. தன் நிலத்தை மீட்கத் தனியாருக்குக் கிடைப்பது 12 ஆண்டுதான். இத்தனை சலுகை இருந்தும் தோற்கிறோம் என்றால், அதற்குக் கோப்பு வந்து சேராததைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் மனை வாங்கியவர்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒப்புதல் வரைபடத்தின் நகலை இன்றே வாங்கி வையுங்கள். பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பூங்காவுக்கான தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பூங்கா மீது வழக்கு வந்திருப்பது தெரிந்தால், குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் உங்களையும் அதில் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கோரி மனுப் போடுங்கள். அந்த வரைபடத்தை நீங்களே கோர்ட்டில் காட்டலாம்.