ஒரே நீதிமன்றம், இரண்டு விதமான கை

அமெரிக்கச் சட்டம் என்றதும் வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றம்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் விபத்து, ஒப்பந்தம், சொத்து, திருட்டு, கொலை என்று சாதாரண மனிதர்கள் சிக்கும் வழக்குகளில் பெரும்பாலானவை மாநில நீதிமன்றங்களில்தான் நடக்கின்றன. மாநிலச் சட்டத்துக்கு அந்த மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் சொல்வதே பொருள். 1938இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த ஈரி ரயில்ரோடு தீர்ப்புக்குப் பிறகு, மாநிலச் சட்டம் சார்ந்த விஷயங்களில் ஃபெடரல் (மத்திய) நீதிமன்றங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை.

சிவில் வழக்கில் இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும்? ஒரு ப்யூக் காரின் மரச்சக்கரம் ஓட்டத்திலேயே நொறுங்கி, உரிமையாளர் வெளியே தூக்கி எறியப்பட்டார். அவர் காரை வாங்கியது டீலரிடம். ‘எங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தமே இல்லையே’ என்று கைவிரித்தது நிறுவனம். பழைய விதிப்படி அது சரியான வாதம்தான். 1916இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. (அந்த மாநிலத்தில் தலைமை நீதிமன்றத்தின் பெயரே அதுதான். அங்கே ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது விசாரணை நீதிமன்றம்!) விஷ மருந்துக்குத் தவறான லேபிள் ஒட்டிய 1852ஆம் ஆண்டு வழக்கை நீதிபதி கார்டோசோ கையில் எடுத்தார். கவனக்குறைவாகச் செய்தால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் பொருள் என்றால், வாங்கியவரைத் தாண்டி அதைப் பயன்படுத்துவோருக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு என்றார். சட்டமன்றம் ஒரு வரிகூட எழுதவில்லை, விதி மாறிவிட்டது.

கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போனது. கவனக்குறைவை நிரூபிக்கவே வேண்டாம், பொருளில் குறை இருந்து காயம் ஏற்பட்டால் போதும் என்று 1944இலேயே நீதிபதி ட்ரேனர் தனியாக எழுதி வைத்தார். அப்போது சக நீதிபதிகள் அதைத் தொடவில்லை. 1963இல் ஒரு மரவேலை இயந்திரம் பற்றிய வழக்கில் அதே கருத்து நீதிமன்றத்தின் தீர்ப்பானது. வேறு மாநிலங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அடுத்தடுத்து பல மாநில நீதிமன்றங்கள், காரணம் சரியாக இருக்கிறது என்று அதையே எடுத்துக்கொண்டன.

கிரிமினல் பக்கம் வந்தால் இதே நீதிமன்றத்தின் கை கட்டிப்போடப்படுகிறது. சிவிலில் தோற்றவர் பெரும்பாலும் பணம் கொடுப்பார். இங்கே சிறைக்குப் போவார். எது குற்றம் என்று முன்கூட்டியே சொல்லாமல் ஒருவரைத் தண்டிக்க முடியாது. 1970இல் வந்த கீலர் வழக்கில் ஒருவர் தாக்கியதில் கர்ப்பிணியின் வயிற்றிலிருந்த சிசு இறந்தது. அது கொலையா? 1850இல் ‘மனித உயிர்’ என்று சட்டம் எழுதியவர்கள் பிறந்த குழந்தையைத்தான் நினைத்தார்கள், அதை நீட்டுவது எங்கள் வேலை இல்லை என்றது கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம். அந்த ஆண்டே சட்டமன்றம் சிசுவையும் சேர்த்துச் சட்டத்தைத் திருத்தியது. கொடுமையான வழக்குதான், இருந்தாலும் நீதிமன்றம் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் அந்தக் கட்டு எவ்வளவு இறுக்கம் என்பதில் நீதிபதிகளே ஒத்துப்போவதில்லை. தாக்கப்பட்டவர் ஓராண்டும் ஒரு நாளும் தாண்டி இறந்தால் கொலை ஆகாது என்றொரு பழைய விதி டென்னசியில் இருந்தது. கத்திக்குத்துப்பட்டவர் 15 மாதம் கழித்து இறந்த வழக்கில், அந்த விதி இனி இல்லை என்று அறிவித்த மாநில உச்ச நீதிமன்றம், அந்த மாற்றத்தை அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கே பொருத்தியது. மருத்துவம் வளர்ந்த காலத்தில் இந்த மாற்றம் எதிர்பாராதது அல்ல என்று 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான்.