ஙுயென்: ஒரு குடிப்பெயரும் நம் ‘ங’வும்

வியட்நாமைப் பற்றிய செய்தி எதைத் தமிழில் படித்தாலும் இந்தப் பெயர் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறு உருவில் வரும்: நுயென், நிகுயென், ங்குயென், குயென். ஒருமுறை ஒரு கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்தபோது, முதல் பத்தியில் ‘நுயென்’ ஆக இருந்தவர் நான்காம் பத்தியில் ‘நிகுயென்’ ஆகியிருந்தார். படிப்பவர் இரண்டு ஆள் என்றுதான் நினைப்பார். கோடிக்கணக்கானோர் தாங்கும் ஒரு பெயரை இப்படிச் சிதைத்து எழுதுவது உறுத்துகிறது. அதுவும் அந்த ஒலிக்கென்றே ஓர் எழுத்தை நெடுங்கணக்கில் வைத்துக்கொண்டு.

அந்த எழுத்து ‘ங’. வியட்நாமியர் தம் மொழியை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். அதில் என், ஜி என்ற இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து நாம் நகரம் என்றும் ககரம் என்றும் பிரித்துவிடுகிறோம். அவர்களுக்கு அது ஒரே ஒலி. ‘அங்ஙனம்’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘அங்’ என்பதை விட்டு ‘ஙனம்’ மட்டும் சொல்லுங்கள். அடிநாக்கு மேலெழுந்து பின்னண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, காற்று மூக்கு வழியே போகும். அதுதான் இந்தப் பெயரின் தொடக்கம். உதடு குவிந்து விரிய, மீதி அதனோடு ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். முழுப் பெயரும் ஒரே அசைதான். ஹனோய்ப் பக்கம் குரல் நடுவில் தொண்டையில் ஒரு கணம் தடைபட்டு மேலேறும். தெற்கே சைகோன் பக்கம் தாழ்ந்து எழும்.

குரலின் ஏற்றத்தாழ்வு மாறினால் அங்கே சொல்லே மாறிவிடும். 1954இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த தளபதி வோ ஙுயென் ஜியாப்பின் பெயரைப் பார்த்துவிட்டு, அவரும் இந்தக் குடிப்பெயர்க்காரர் என்று பலர் எண்ணுகிறார்கள். அவருடைய குடிப்பெயர் ‘வோ’. நடுவில் உள்ளது சமக்குரலில் ஒலிக்கும் வேறு சொல். முதன்மை, மூலம் என்று பொருள்படுவது. எழுத்திலும் வேறுபாடு உண்டு. குடிப்பெயரில் உயிரெழுத்தின் மேல் அலை போன்ற ஒரு குறி இருக்கும். தளபதியின் பெயரில் இருக்காது. தமிழில் இரண்டையும் ஒன்றுபோலத்தான் எழுத முடியும் என்பதால் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இனி பொருள். இந்தப் பெயர் சீனத்திலிருந்து வந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் சீன ஆட்சியின்கீழ் இருந்த நாடு அது; குடிப்பெயர் வைக்கும் வழக்கமும் பெரும்பாலான குடிப்பெயர்களும் அப்போது வந்து சேர்ந்தவை. இந்தப் பெயரைக் குறிக்கும் சீன எழுத்தை வடசீனர் ‘ருவான்’ என்றும், கான்டனீஸ் பேசுவோர் ‘யுன்’ என்றும் படிப்பார்கள். ‘ருவான்’ என்பது நரம்பிசைக் கருவி ஒன்றின் பெயர், ஆகவே ஙுயென் என்றால் இசைக்கருவி என்று விளக்கம் சொல்வதைப் பார்க்கலாம். இது தலைகீழ். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ருவான் சியன் என்ற கலைஞர் அந்தக் கருவியை மீட்டுவதில் வல்லவராக இருந்தார். பிற்காலத்தில் அவர் பெயரையே கருவிக்கு வைத்தார்கள். ஆளின் பெயர் கருவிக்குப் போனதே தவிர, கருவியின் பெயர் ஆளுக்கு வரவில்லை. குடிப்பெயரின் வேர் இன்னும் பழையது. இன்றைய கான்சு மாநிலத்தில் ருவான் என்றொரு சிற்றரசு இருந்தது. அந்நாட்டு மக்கள் நாட்டின் பெயரையே தம் குடிப்பெயராக்கிக்கொண்டார்கள். ஆகவே அகராதிப் பொருள் தேடிப் பயனில்லை. இது ஓர் ஊர்ப்பெயர்.

இன்று வியட்நாமில் பத்தில் மூன்று நான்கு பேர் ஙுயென். அத்தனை பேரும் ஒரே மூதாதையின் வாரிசுகள் அல்லர். பெயர் பரவியது குருதியால் அல்ல, அரசு மாறியதால்.

1009 முதல் 1225 வரை ஆண்டது லீ வமிசம். அதை அகற்றிவிட்டு ட்ரான் வமிசம் அரியணை ஏறியது. 1232இல், அரசைப் பின்னிருந்து நடத்திய ட்ரான் து தோ, லீ என்ற குடிப்பெயர் உள்ளவர்கள் எல்லோரும் ஙுயென் என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என ஆணையிட்டார். புதிய அரசரின் பாட்டனார் பெயர் ட்ரான் லீ; அரச முன்னோரின் பெயரைக் குடிகள் உச்சரிக்கலாகாது என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். பழைய அரச குலத்தின் நினைவையே துடைப்பதுதான் உள்நோக்கம் என்று எனக்குப் படுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே லீ இளவரசர் ஒருவர் கடல் கடந்து கொரியாவுக்குத் தப்பிப் போய்விட்டார். அவர் வழியினர் இன்றும் அங்கே ஹ்வாசான் யீ என்ற குலமாக வாழ்கிறார்கள். தாய்நாட்டில் அழிக்கப்பட்ட பெயர் அயல்நாட்டில் பிழைத்துக் கிடக்கிறது.

1592இல் மக் வமிசம் தலைநகரை இழந்தபோதும் இதே கதைதான். பழிவாங்கலுக்கு அஞ்சியவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அவர்களில் பலருக்குப் புகலிடமானது ஙுயென். பெரிய கூட்டத்துக்குள் மறைந்துகொள்வது எளிது அல்லவா!

பின்னர் அந்தப் பெயருக்கே அரச மதிப்பு வந்தது. 1558இல் தெற்கே ஆளப் போன ஙுயென் ஹோவாங்கின் வழியினர் இரண்டு நூற்றாண்டு அப்பகுதியைத் தம் கையில் வைத்திருந்தார்கள். 1771இல் அவர்களுக்கு எதிராகக் கிளர்ந்த, தை சோன் என்ற ஊரின் உடன்பிறப்புகள் தாங்கிய பெயரும் ஙுயென்! அவர்களின் முன்னோர் ‘ஹோ’ குடியினர். பெயர் பின்னால் வந்தது. அவர்களில் ஒருவரான ஙுயென் ஹுவே 1789இல் சீனப் படையைத் துரத்தினார். பழைய ஙுயென் குலத்தில் எஞ்சியிருந்த ஙுயென் ஆன், 1802இல் தை சோன் ஆட்சியை ஒழித்து, கியா லோங் என்ற பெயரில் பேரரசரானார். ஹுவே நகரைத் தலைநகராகக் கொண்ட இந்த வமிசம் 1945 வரை நீடித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் கடைசிப் பேரரசர் பாவோ தாய் முத்திரையையும் வாளையும் புதிய அரசின் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார். அந்த அரசின் தலைவர் ஹோ சி மின். 1890இல் அவர் பிறந்தபோது வைத்த பெயர் ஙுயென் சின் குங். ஙுயென் அரசு முடிந்து, அதிகாரம் போய்ச் சேர்ந்ததும் ஙுயென் ஒருவரிடமே.

1975இல் போர் முடிந்தபின் இந்தப் பெயர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என்று பரவியது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2000இல் 57ஆவது பொதுவான குடும்பப் பெயராக இருந்தது, 2010இல் 38ஆவது இடத்துக்கு வந்தது. அப்போது எண்ணிக்கை 4,37,645.

இத்தனை பேருக்கு ஒரே பெயர் என்றால் எப்படிக் கூப்பிடுவார்கள்? குடிப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. வரிசை குடிப்பெயர், இடைப்பெயர், சொந்தப் பெயர். கூப்பிடுவது கடைசியில் உள்ள சொந்தப் பெயரால். அதற்கு முன் அண்ணன், அக்கா, தம்பி, சித்தப்பா என்று வயதுக்கேற்ற உறவுமுறை. நமக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஹோ சி மின் போன்ற சிலர் விதிவிலக்கு. அவரை ‘பாக் ஹோ’ என்று குடிப்பெயரால் அழைக்கிறார்கள். ஆங்கிலத்தின் வழியே வந்தால் இது ‘மாமா’ ஆகிவிடுகிறது. ‘பாக்’ என்பது தந்தைக்கு மூத்தவரைக் குறிக்கும் சொல்; தமிழில் பெரியப்பா. பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக் குடிப்பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வியட்நாமிய மொழியில் குடிப்பெயருக்கு ‘ஹொ’ என்பார்கள்; குலம், சுற்றம் என்றும் அதற்குப் பொருள் உண்டு. அதனால்தான் ‘குடும்பப் பெயர்’ என்பதைவிடக் ‘குடிப்பெயர்’ பொருத்தம் என்கிறேன். நம் முன்னெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும், இது மாறாது. சாதிப் பெயரும் அல்ல.

தமிழில் எப்படி எழுதுவது? ஙகரம் சொல்லின் முதலில் வராது என்பது மரபு. நன்னூல் இடம் கொடுப்பதும் அங்ஙனம், எங்ஙனம், யாங்ஙனம் போலச் சுட்டுக்கும் வினாவுக்கும் பின்னால் மட்டுமே. சிங்கப்பூர்த் தமிழ் ஏடுகள் அங்குள்ள சீனர்களின் ‘ங்’ என்ற குடிப்பெயரை, முன்னால் இகரம் சேர்த்து ‘இங்’ என்று எழுதுகின்றன. அது வேறு குடிப்பெயர் என்றாலும் வழி அதேதான்: இராமன், இலங்கை என்று எழுதப் பழகிய கைக்கு ‘இங்குயென்’ இயல்பாக வரும். ஆனால் அதில் ‘இங்கு’ என்ற சொல் கேட்கிறது, ககரமும் நுழைந்துவிடுகிறது. அயற்பெயருக்கு மரபைச் சற்றுத் தளர்த்தி ‘ஙுயென்’ என்று எழுதுவதே சரி என்பது என் கருத்து. முதல்முறை வரும் இடத்தில் ‘அங்ஙனம் என்பதில் உள்ள ங’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வாசகர் வாய் தானே பிடித்துக்கொள்ளும். ‘திரு’ போட வேண்டிய இடத்தில் ‘திரு ஙுயென்’ என்று எழுதாமல், கடைசியில் உள்ள சொந்தப் பெயரோடு போடுங்கள்.