சிக்கிக்கொள்ளும் கைத்துப்பாக்கி: கோளாறு பெரும்பாலும் தகரத்தில்

செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கி பாதியில் நின்றுபோகும்போது அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி ஒன்று உண்டு. மேலே நகரும் ஸ்லைடு முழுசாக மூடாமல் நிற்கும். அதன் இடுக்கில் காலித் தோட்டா உறை ஒன்று புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டிருக்கும். உறை வெளியே பறப்பதற்குள் ஸ்லைடு திரும்பி வந்து கவ்விவிட்டது என்று அர்த்தம்.

குண்டு முன்னால் பாயும்போது ஸ்லைடு பின்னால் உந்தப்படுகிறது. போகிற போக்கில் ஒரு சின்னக் கொக்கி காலி உறையை இழுத்து வர, ஒரு முட்டு அதைத் தட்டி எறிகிறது. அப்புறம் ஸ்பிரிங் ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும். அது மேகசினின் (தோட்டாக்களை அடுக்கி பிடிக்குள் செருகும் பெட்டி) உச்சியில் இருக்கும் தோட்டாவை உருவி, ஒரு சரிவில் ஏற்றி, குழலின் அறைக்குள் செருகும். இத்தனையும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள்.

இந்த நுட்பம் புதிதல்ல. 1911இல் அமெரிக்க ராணுவச் சோதனையில் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கின் கைத்துப்பாக்கி 6,000 தோட்டா சுட்டும் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. ஆக, மலிவுத் துப்பாக்கி சிக்கினால் அதில் குறைவது அறிவு அல்ல. இழைத்து முடிக்கும் வேலை.

முதல் சந்தேகம் மேகசின் மேல்தான் போக வேண்டும். பார்த்தால் வெறும் தகரப் பெட்டி. ஆனால் அதன் வாயில் உள்நோக்கி மடிந்த இரண்டு உதடுகள்தான் தோட்டா எந்தக் கோணத்தில் தலை தூக்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. உதடு மயிரிழை விரிந்தாலும் தோட்டா முன்கூட்டியே துள்ளும். இறுகினால் மூக்கு சரிவில் குத்தி நிற்கும். மேகசின் ஸ்பிரிங் தளர்ந்தால் வேறு கூத்து: தோட்டா மேலே வருவதற்குள் ஸ்லைடு அதைத் தாண்டிப் போய் வெற்று அறையை மூடிவிடும். கடைசித் தோட்டாவில் இது அதிகம் நடக்கும். விரிந்த நிலையில் ஸ்பிரிங்கின் தள்ளுவிசை அப்போதுதானே மிகக் குறைவு.

சரிவுப் பாதையில் வெட்டுக்கருவியின் கோடுகள் தேய்க்கப்படாமல் இருந்தால், உருண்டை மூக்குக் குண்டு எப்படியோ வழுக்கி ஏறிவிடும். நுனியில் குழியுள்ள குண்டு அதே இடத்தில் விளிம்பு தட்டி நிற்கும்.

உலோகமும் ஒரு காரணம். 1968ஆம் ஆண்டுச் சட்டம் மலிவான சிறு கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியை அடைத்ததும், அமெரிக்காவுக்குள்ளேயே துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்யும் தொழில் வளர்ந்தது. அந்தக் கலவை ஏறத்தாழ 385 டிகிரி செல்சியஸில் உருகும். இல்லினாய்ஸ் மாநிலம் சுமார் 427 டிகிரிக்குக் கீழே உருகும் துத்தநாக வார்ப்புச் சட்டகம் (ஸ்லைடைத் தாங்கும், பிடியோடு சேர்ந்த உடல்) கொண்டவற்றை வணிகர்கள் விற்கத் தடை போட்டது. துப்பாக்கியை யாரும் அடுப்பில் வைக்கப்போவதில்லை. மட்டமான உலோகத்தைப் பிடிக்கச் சட்டத்துக்குக் கிடைத்த அளவுகோல் அது. எஃகை விட மெத்தென்ற உலோகம் என்பதால் உரசும் விளிம்புகள் சீக்கிரம் மழுங்கி, அளவுகள் நழுவுகின்றன.

சுடுபவரின் மணிக்கட்டுக்கும் பங்குண்டு. பிடி தளர்ந்தால் சட்டகமும் சேர்ந்து பின்னால் போகும்; ஸ்லைடின் ஓட்டம் குறையும்; உறை மாட்டிக்கொள்ளும். இலேசான, குட்டித் துப்பாக்கிகளில் இது இன்னும் மோசம்.

அனுபவசாலிகள் அதனால்தான் மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று எண் எழுதி வைக்கிறார்கள். சிக்கல் எப்போதும் 2இல் மட்டும் வந்தால், துப்பாக்கியைக் கழற்ற வேண்டியதில்லை.