எந்தப் பூனை, எந்தச் சாக்கு?

அக்கா மகன் லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் மருத்துவம் படிக்கிறான். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் நோயாளியிடம் பேச வேண்டுமே, அதனால் லாட்விய மொழி வகுப்பும் உண்டு. போன வாரம் ரகசியம், அறிவு இவை பற்றிய ஆங்கில மரபுத்தொடர்களையும் அவற்றுக்கு ஈடான லாட்விய வழக்குகளையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவரவர் தாய்மொழியில் என்ன சொல்வீர்கள் என்று எழுதிவரச் சொன்னார்களாம். போனில் கேட்டான்: "மாமா, 'லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்' என்பதற்குத் தமிழில் 'பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது'தானே?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அன்று காலையில்தான் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் அரை மணி நேரத்துக்குள் அந்தப் பூனைக்குட்டி மூன்று முறை வெளியே வந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, மூன்றாவது முறை நிமிர்ந்து, "எந்தப் பூனைடா?" என்று கேட்டார்.

முதலில் மூலத்தைச் சொல்லிவிடுகிறேன். பூனையைப் பையிலிருந்து வெளியே விடுவது என்றால், ரகசியத்தை வெளியே விட்டுவிடுவது. ஆங்கிலத்தில் இந்தத் தொடர் 1760-லேயே அச்சில் இருக்கிறது. 'லண்டன் மேகசின்' இதழின் நூல் மதிப்புரை ஒன்றில், நூலாசிரியர் பூனையைப் பையிலிருந்து அவிழ்த்துவிடாமல் இருந்திருக்கலாம் என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். சந்தையில் பன்றிக்குட்டி என்று சொல்லிப் பூனையைச் சாக்கில் கட்டி விற்றார்கள், அவிழ்த்ததும் மோசடி தெரிந்தது என்பது எல்லோரும் சொல்லும் கதை. கேட்க நன்றாக இருக்கிறது, சான்றுதான் பலமாக இல்லை. (கையில் தூக்கிப் பார்த்தால் எடை தெரியாதா?) கப்பலில் வைத்திருந்த ஒன்பது வால் சாட்டைக்குப் பூனை என்று பெயர், அதிலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். அது இதைவிடவும் ஒட்டவில்லை.

சரி, லாட்வியர்கள் என்ன சொல்கிறார்கள்? அவர்களிடமும் சாக்குக்குள் பூனை உண்டு. ஆனால் பூனையைச் சாக்கோடு வாங்குவது என்றால், பிரித்துப் பார்க்காமல் வாங்கி ஏமாறுவது. ரகசியம் வெளியே வருவதற்கு அவர்கள் பூனையைக் கூப்பிடுவதில்லை. 'ஈலெனு மைஸா நெனுஓஸ்லேப்ஸி' என்கிறார்கள்: குத்தூசியைச் சாக்கில் ஒளித்துவைக்க முடியாது. செருப்புத் தைப்பவர் கையிலிருக்கும் அதே குத்தூசிதான். சாக்கை எப்படிச் சுருட்டி வைத்தாலும் முனை துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். லிதுவேனியர், ரஷ்யர், போலந்துக்காரர் எல்லோரிடமும் இதே ஊசி இருக்கிறது. ஆங்கிலப் பூனையை அப்படியே லாட்விய மொழியில் தூக்கி வைத்தால், படிக்கிறவர் யாரோ சந்தையில் ஏமாந்ததாக நினைத்துக்கொள்வார். அதனால் மொழிபெயர்க்கிறவர் வேறு வழியில்லாமல் தன் மொழிக்குள் தேடுகிறார். 19 லட்சம் பேர்கூட இல்லாத நாடு அது.

நம்மிடம் தேட ஆளில்லை. இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் வளர்ந்த பூனை, தமிழுக்கு வந்ததும் எப்படிக் குட்டியானது? பன்றிக்குட்டியின் குட்டி ஒட்டிக்கொண்டதோ, 'குட்டு' என்ற சொல் எங்கோ காதில் விழுந்து குழப்பியதோ, தெரியவில்லை. சாக்கைக் காணோம். சாக்கே இல்லாதபோது எதிலிருந்து வெளியே வந்தது? வீட்டிலிருந்தா?

என் பெரிய வழக்கு இதுவல்ல. ஆங்கிலத்தில் இந்தத் தொடர் பெரும்பாலும் ஒருவர் வாய் தவறி உளறிவிட்டதைச் சொல்வது. அவிழ்த்துவிட்ட ஆள் ஒருவர் உண்டு. தமிழ்ச் செய்திகளில் இதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். ஒருவருடைய உள்நோக்கம் தெரிந்துவிட்டது, வேஷம் கலைந்துவிட்டது என்ற இடத்தில்தான். அதற்குச் சாயம் வெளுத்துவிட்டது என்று சொல்வோம். மோசடியானால் குட்டு வெளிப்பட்டது. ஒருவரே சொல்லிவிட்டால் போட்டு உடைத்துவிட்டார், தெரியாமல் சொன்னால் உளறிக்கொட்டிவிட்டார். பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தால் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறியது. இந்த ஐந்தும் ஐந்து வேறு நிகழ்ச்சிகள். பூனைக்குட்டி வந்து ஐந்தையும் ஒன்றாக்கிவிட்டது.

'மொழி வளர வேண்டாமா, பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதும் வெளியிலிருந்து வந்ததுதானே?' என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். உண்மைதான். ஆனால் அது எலிகள் கூட்டம் போட்ட கதையோடு வந்தது. கதை தெரியாத பிள்ளைக்குக்கூட, பூனை கழுத்தில் மணி கட்டப் போன எலியின் கதி என்ன ஆகும் என்று புரியும். பூனைக்குட்டி வெளியே வந்தால் என்ன ஆகிவிடும்? பால் குடிக்கும். ஆங்கிலம் தெரிந்தவர் மனதுக்குள் திருப்பி மொழிபெயர்த்துத்தான் இதைப் புரிந்துகொள்கிறார். நமக்குத்தான் பூனைகள் போதுமான அளவு இருக்கின்றனவே. கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டதாக நினைக்கும் பூனை, மதில் மேல் பூனை, மறைத்துவைத்த பூனைதான் வேண்டுமென்றால் மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்கிறவரின் பூனை.

நான் 'குட்டு' கட்சி. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் இதே பொருளில் இருக்கிறது. தெலுங்கில் 'குட்டு ரட்டு' என்பார்கள், குட்டு அம்பலம் என்று பொருள். மூன்றெழுத்து. தலைப்புக்கும் அடங்கும்.

இதைச் சொன்னால் தனித்தமிழ் அன்பர்கள் நான் அவர்கள் பக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. ரகசியம் என்பதை விரட்டிவிட்டுக் 'கமுக்கம்' என்று எழுதச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கமுக்கமாக இருந்து காரியத்தைச் சாதித்துவிட்டான் என்பார்கள்; அதில் ஆளின் கள்ளத்தனம்தான் இருக்கிறது. கமுக்க ஆவணம் என்றால் ஆவணமே ஏதோ திருட்டு முழி முழிப்பது போலிருக்கிறது. பழைய சொல் 'மறை'. கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் கயவரை 'அறைபறை' என்கிறது குறள். லாட்விய மொழியில் ரகசியத்துக்கு 'நுஓஸ்லேபும்ஸ்' என்று பெயர். ஒளிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. மறையும் அதே பிறப்புதான். ஆனால் இன்று மறை என்றால் வேதம் என்றுதான் முதலில் தோன்றும். ரகசியம் இருக்கட்டும், அது சோறு கேட்கவில்லை.

அறிவு பற்றிய தொடர்களிலும் இதே கூத்துதான். ஒன்று நன்றாகத் தெரியும் என்பதற்கு ஆங்கிலத்தில் புறங்கையைச் சொல்கிறார்கள். லாட்வியர் தம் ஐந்து விரல்களைப் போலத் தெரியும் என்கிறார்கள். ஒரு வசனத் தமிழாக்கத்தில், 'இந்த நகரம் எனக்கு என் புறங்கையைப் போல் தெரியும்' என்று படித்தேன். யார் உட்கார்ந்து புறங்கையைப் பார்க்கிறார்கள்? உடனே உள்ளங்கை நெல்லிக்கனி என்று திருத்த ஓடாதீர்கள். அது ஒளிவுமறைவில்லாத தெளிவைச் சொல்வது, பழக்கத்தை அல்ல. தெருத் தெருவாக ஊர் தெரியும் என்றால் 'அத்துப்படி'. அவ்வளவுதான். அதேபோல் 'திறந்த ரகசியம்'. திறப்பதற்கு அது என்ன டப்பாவா? ஊரறிந்த ரகசியம் என்று சொன்னால் கேலியும் சேர்ந்து வந்துவிடுகிறது.

ஒத்துப்போவதெல்லாம் காப்பி என்றும் நான் சொல்லவில்லை. யாரிடமும் மூச்சு விடாதே என்கிறோம், ஆங்கிலத்திலும் மூச்சுதான். எங்கள் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, அவர் அப்படித்தான் சொல்வார்.

கடைசியில் மருமகனுக்குக் 'குட்டு வெளிப்பட்டது' என்று எழுதி அனுப்பினேன். கூடவே, குத்தூசிக்குப் பக்கத்தில் வைக்கட்டும் என்று 'முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா' என்பதையும் போட்டேன். பொருள் முழுக்க ஒன்றல்ல. இது கண்ணெதிரே பொய் சொல்கிறவனைக் கேட்பது. வகுப்பில் பூசணிக்காய்க்கு நல்ல வரவேற்பாம். ராத்திரி மறுபடி கூப்பிட்டான்.

"மாமா, குட்டுன்னா தலையில குட்டுறதுதானே? அது எப்படி வெளிய வரும்?"